கூடுதல் பை

லூர்துசாமியின் ஸ்கேன் ரிப்போர்ட்டிலிருந்து டாக்டர் நிர்மலாதேவி நிமிர்ந்தார். லூர்துசாமி வெளியே உட்கார்ந்திருக்க, பாப்பாரப்பட்டியிலிருந்து அவருக்குத் துணையாக வந்த ஆறு பேரும் மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

“புராஸ்டேட் வீங்கி வழியை அடைச்சிருக்கு. அந்த அழுத்தத்துல மூத்திரப்பை ஒரு பக்கமா பிதுங்கி, கூடுதலா ஒரு குட்டிப் பை உண்டாயிருக்கு. போனாலும் பாதி அதுக்குள்ளயே தங்கிடுது. அதான் போயிட்டு வந்த பத்தாவது நிமிஷமே மறுபடியும் ஓடுறாரு. ஆபரேஷன் பண்ணிடலாம்.”

“மாத்திரையில ஓட்ட முடியாதுங்களா?” என்றார் மரியசூசை.

“கிருமி சேரும், கல் வரும். எடுக்கறதுதான் நல்லது.”

“அடைப்பை மட்டும் எடுத்துட்டு, பையை வுட்டுடலாமுங்களா?” என்றாள் ராயம்மாள்.

டாக்டருக்கு மனசு இளகியது. பெற்ற பிள்ளைகள்கூட இப்படிப் பதறி அவர் பார்த்ததில்லை.

“பயப்படாதீங்க. ரெண்டே மாசத்துல பழைய ஆளா ஆயிடுவாரு. மணிக்கணக்கானாலும் நின்ன இடத்தை விட்டு அசைய மாட்டாரு.”

ராயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இவ்வளவு பாசமா இருக்கீங்களே, உங்களுக்கு அவர் என்ன உறவு?”

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மரியசூசை குரலைத் தாழ்த்தினார்.

“எங்க கோயில் ஃபாதருங்க. முந்தியெல்லாம் ஞாயித்துக்கெழம பிரசங்கம் ஒன்னரை மணி நேரம். இந்தப் பை வந்த பொறவுதாங்க பத்தே நிமிஷத்துல ஆமென் சொல்றாரு. வர்ற மே மாசம் அவருக்கு மாறுதல். ஆபரேஷனை அந்த ஊர்க்காரங்க பண்ணிக்கட்டுமுங்க.”