கப்பல் தளத்தில் ஒரு விதைத் தோல்

போஹாய் கடலில் வெயில் ஏறுகிறது. எங்கள் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பலில் முதல் விமானம் இறங்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. இயந்திரம் உறிஞ்சக்கூடிய குப்பை ஏதும் கிடக்கிறதா என்று அறுபது பேர் தோளோடு தோளாகக் குனிந்தபடி தளத்தில் நடக்கிறோம். என் பக்கத்தில் மியாவ் சட்டென்று நிற்கிறான். அவன் விரலில் சூரியகாந்தி விதைத் தோல். “எவன்டா கொறிச்சது? கொறிச்சுக்கிட்டே ஊருக்குப் போற ஹார்பின் ரயில்னு நினைச்சீங்களா?” என்று தளத் தலைவர் ஷுவே பாய்ந்து வருகிறார். “அண்ணே, உங்க பை...” என்கிறான் மியாவ், மெதுவாக. பொத்தான் போடாத அவர் சட்டைப் பையின் விளிம்பில் இன்னும் இரண்டு தோல்கள் ஒட்டியிருக்கின்றன. தலைக்கு மேல் விமானம் இரைகிறது. “மறுபடி முதல்லேருந்து நடங்கப்பா,” என்கிறார் ஷுவே. ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டு அவரும் எங்கள் வரிசையில் குனிகிறார்.