பின் டிரம்மில் கோளாறு

மண்டகப்பட்டு தாண்டி, எதிரே வந்த மாட்டுவண்டிக்காக பிரேக் போட்டபோதுதான் கார் உதறியது.

“இன்னாம்மா, உங்களுக்கும் ஆடுதா?” என்று திரும்பாமலே கேட்டான் டிரைவர் தனகோட்டி.

“ஆமா” என்றாள் பின் சீட்டில் இருந்த உண்ணாமலை. எது ஆடுகிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆமா என்று சொன்னால் அவன் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பது மட்டும் தெரியும்.

அவள் தோளில் சாய்ந்திருந்த கணவர் பூவராகவன், செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர், சற்று முன்னால் ஏரிக்கரை வளைவில் ஒரு சின்ன ஏப்பம் விட்டு இறந்துபோயிருந்தார்.

இஷ்டப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லித்தான் விழுப்புரத்து டாக்டர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். என்ன இஷ்டம் என்று பூவராகவன் யோசிப்பதற்குள் முடிந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் செஞ்சியில் டாக்சி ஓட்டிய எவனும் பிணத்தை ஏற்றமாட்டான். வழியில் உயிர் போனால்கூட, மரத்தடியில் இறக்கிவைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

இதுவோ கல்யாண வண்டி. இந்த அம்பாசிடரில் ஊர்வலம் வராத மாப்பிள்ளைக்குத் தாலி எடுத்துக் கொடுக்க ஐயரே யோசிப்பார். பிணம் ஏறியது தெரிந்தால் வண்டியின் சொந்தக்காரர் அதை ஏழு கிணற்றுத் தண்ணீரில் கழுவி, எட்டாவது கிணற்றில் தனகோட்டியைத் தள்ளிவிடுவார்.

ஆகவே உண்ணாமலை இரண்டு முழங்கால்களையும் முன் சீட்டின் முதுகில் முட்டுக்கொடுத்து, அவர் இடுப்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து, கணவரை உயிரோடு வைத்திருந்தாள். செஞ்சி வரைக்கும் வைத்திருந்தால் போதும்.

அழுகை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. கடை மாடியில் காயப்போட்ட மிளகாய்தான் ஞாபகத்துக்கு வந்தது.

தனகோட்டி பேச ஆரம்பித்தால் ரேடியேட்டர் கொதிக்கும். அவன் பேசி முடிப்பதற்குள் அது ஆறியும் போகும்.

“முன் சக்கரத்து பிரேக் டிரம்மு கோணியிருந்தா ஸ்டியரிங் உதறும்மா. இது பாருங்க, கோயில் தூண் மாதிரி நிக்குது. என் முதுகுலதான் உதறுது. அப்ப பின் டிரம்மு. இருங்க, கண்டுபுடிச்சிடறேன்.”

ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும் என்று அவளுக்குப் பாடம் நடத்திவிட்டு, அதை மெல்ல இழுத்தான். வண்டி தயங்கியது. பூவராகவன் முன்னால் சரிந்தார். அவள் முழங்கால்களை இன்னும் அழுத்தி அவரை இழுத்துப் பிடித்தாள்.

“தோ, உதறுது பாரு!” புதையல் தட்டுப்பட்டவன் போலக் கத்தினான். “மொதலாளி, நீங்க சொல்லுங்க. பின்னால ஆடுதா, இல்லியா?”

பூவராகவன் சொல்லவில்லை.

“அவருக்கும் ஆடுதாம்” என்றாள் உண்ணாமலை. கடையில் யாரோ பருப்பு விலை சொல்வது போல இருந்தது அவள் குரல்.

“மொதலாளியே சொல்லிட்டாருன்னா சரிதான். உப்பு மூட்டையில ஒரு கல்லு கொறஞ்சாலும் கண்டுபுடிக்கிற ஆளாச்சே. எறங்கி டிரம்மத் தொட்டுப் பாத்துடறேன். சுட்டுச்சுன்னா முடிஞ்சுது கத.”

“வேணாம். வூட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்.”

“பிரேக்குல வெளையாடக் கூடாதும்மா. மொதலாளி உசுரு என் கையில இருக்குது.”

புளியமரத்து நிழலில் வண்டியை ஓரம் கட்டினான். இஞ்சினை நிறுத்தினான்.

பின் சக்கரத்தைத் தொடக் குனிந்தால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பூவராகவனின் முகம் இருக்கும். அவர் கண் பாதி திறந்திருந்தது. மூடுவதற்கு ஒரு கை வேண்டும். இரண்டு கைகளும் அவரைப் பிடித்திருந்தன.

கதவைத் திறக்கப்போன தனகோட்டி, கைப்பிடியில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

வண்டி நின்றுவிட்டது. இஞ்சினும் நின்றுவிட்டது. அவன் முதுகில் உதறல் நிற்கவில்லை.

கையைப் பின்னால் கொண்டுபோய் சீட்டின் முதுகில் வைத்தான். நாடி பார்க்கும் வைத்தியன் போல வைத்துக்கொண்டே இருந்தான். பிறந்த அன்று அழத் திறந்த வாயை அவன் மூடியது இப்போதுதான்.

“பிரேக்குல ஒண்ணுமில்லம்மா” என்றான் கடைசியில்.

உண்ணாமலை குனிந்து பார்த்தாள். முன் சீட்டை அழுத்தியிருந்த முழங்கால்கள் இரண்டும் புடவைக்குள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. வேறு யாருடைய கால்களையோ பார்ப்பது போல இருந்தது. நிறுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை.

தனகோட்டி இறங்கி, சுற்றி வந்து, பூவராகவன் பக்கத்துக் கதவைத் திறந்தான். இறங்கச் சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

“கால நீட்டிப் படுக்க வெச்சிடலாம்மா” என்றான். “இப்பிடியே ஒக்காந்தா வெறைச்சிக்குவாரு. நீங்க முன்னால வந்துடுங்க.”

தலைப்பக்கம் அவன் பிடித்தான். அவள் கால்பக்கம் போனாள்.