சனூஸாவின் ஏழு நாட்கள்

ஜும்ஆ முடிந்து வந்த ஆதம்பாவா தொப்பியைக்கூடக் கழற்றாமல் கதிரையில் அமர்ந்தார். வெள்ளிக்கிழமைகளில் மகளும் மகனும் அந்த வாரம் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள். ஆளுக்கொரு கேள்வியாவது கேட்டால்தான் அவருக்குச் சோறு.

காற்றுக்கும் கடலுக்கும் பயப்படாத மனிதர் இந்தக் கேள்விக்குப் பயந்தார். என்னத்தைக் கேட்பது என்று பள்ளிவாசலிலிருந்து வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வருவாராம்.

இன்று இன்னொரு கதிரையில் றிஷானா இருந்தாள். மடியில் படிவம்.

போன வருடம்தான் வகுப்பறையை விட்டுக் கல்வி அலுவலகத்துக்கு மாறியவள் அவள். மகள் ஸல்ஹாவுக்குப் பத்து வயது, மகன் நிப்றாஸுக்கு ஏழு. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போவதில்லை. இப்படியே வீட்டில் படிக்கலாமா, திங்கட்கிழமையே பள்ளிக்கூடத்தில் சேர வேண்டுமா என்பது இந்தப் படிவத்தின் கையில் இருந்தது.

கிண்ணியாவில் இந்த வீட்டுக்கு வேறொருவரை அனுப்பத்தான் இருந்தார்கள். றிஷானாதான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"எழுத்து எப்படிப் படிப்பிக்கிறீங்க?"

பிள்ளைகளின் தாய் சனூஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். சனிக்கிழமை பென்சிலைத் தொடக் கூடாது. பாலத்தடிக்கோ சந்தைக்கோ போய் ஏதாவது ஒன்றை வடிவாகப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஞாயிறு தாய் மீன் கழுவும்போது பக்கத்தில் குந்தி அதைச் சொல்ல வேண்டும். திங்கள்தான் எழுத்து. அந்த நேரம் அவள் வீட்டுப் பின்வளவுக்குப் போய்விடுவாள், எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"செவ்வாய்?"

"செவ்வாய் ஒண்டும் இல்ல டீச்சர். அப்பத்துக்கு மா கரைச்சா உடனயா சுடுற? புளிக்க வேணாமா?"

றிஷானாவுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம், அதற்கு மேல் ஒரு டிப்ளோமா. இப்படியொரு செவ்வாய்க்கிழமையை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சனூஸாவோ சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள்.

றிஷானா கொப்பி ஒன்றைத் திறந்தாள். புதன்கிழமை, பிள்ளைகள் தாங்களே வாசித்து வேண்டாததை வெட்டுகிற நாளாம்; வியாழன், மிச்சத்தைப் புதிதாக எழுதுகிற நாள். வெட்டிய இடமெல்லாம் பென்சிலால் ஒரே ஒரு மெல்லிய கோடு. கோட்டுக்கு அடியில் ஒவ்வொரு சொல்லையும் வாசிக்க முடிந்தது.

"வெட்டின சொல்லும் அவங்கட சொல்லுத்தானே," என்றாள் சனூஸா.

சிவப்பு மை ஒரு பக்கத்திலும் இல்லை.

மொத்தம் பதினேழு கொப்பிகள். முதலாவதில் ஸல்ஹாவின் கையெழுத்தே கிடையாது. பள்ளிக்கூடத்தை விட்டு வந்து நான்கு மாதம் அந்தப் பிள்ளை பென்சிலைக் கையால் தொடவில்லை. அவள் வாயால் சொன்னதையெல்லாம் தாய் எழுதி வைத்திருந்தாள். ஒரு பக்கத்தில், 'இன்று ஸல்ஹாவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை' என்று மட்டும் இருந்தது. அதற்கும் திகதி போட்டிருந்தது.

இப்படியொரு பொறுமையை றிஷானா எந்த வகுப்பறையிலும் கண்டதில்லை. தன்னுடையதில் நிச்சயமாகக் கண்டதில்லை.

நிப்றாஸ் முதலில் வாசித்தான். சந்தையில் ஓர் ஆடு மரக்கறிக்காரரின் விலை அட்டையைத் தின்றுவிட்டது, அதனால் அன்றைக்குக் கத்தரிக்காய்க்கு விலையே இல்லை.

"ஆட்டுக்கு வயிறு வலிக்கலியா மகன்?" என்று கேட்டுத் தன் பாதிக் கடமையை முடித்துக்கொண்டார் ஆதம்பாவா.

பிறகு ஸல்ஹா. றிஷானா வந்து இறங்கியதிலிருந்து அந்தப் பிள்ளை தாயின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றது. இப்போது முன்னால் வந்தது. கொப்பியைத் திறந்து பிடித்தது.

வாசி என்று சனூஸா சொல்லவில்லை. சும்மா காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பாலத்தில் ஒரு மாமா ஓரா மீன் பிடித்தார். அதன் வாயிலிருந்து தூண்டில் முள்ளை மெதுமெதுவாகக் கழற்றினார். மெதுவாகக் கழற்றினாலும் மீனுக்கு அது முள்தான்."

ஆதம்பாவா வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த கேள்வி எங்கேயோ போய்விட்டது. "இதுல கேக்க எனக்கு ஏலா மகள்," என்றார்.

றிஷானா பேனாவைத் திறந்தாள். படிவத்தில் 'எழுத்துத் திறன்' என்ற இடத்தில் 'மிகச் சிறப்பு' என்று எழுதினாள். அது போதாது போலிருக்க, அடியில் கோடும் போட்டாள்.

ஒரே ஒரு கட்டம் மீதியிருந்தது: பாடசாலையை விட்டு விலகிய காரணம்.

சனூஸா றிஷானாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தூரம் எண்டு போடுங்க டீச்சர்," என்றாள் தணிந்த குரலில். "அது முடிஞ்ச கதை."

பள்ளிக்கூடம் அடுத்த ஒழுங்கையில் இருந்தது. தூரம் என்று எழுதினால் அலுவலகத்தில் சிரித்துவிட்டு, பிள்ளைகளைத் திங்கட்கிழமை கூட்டி வரச் சொல்வார்கள். சனூஸா அதை யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது அவள் யோசனை.

றிஷானா பேனாவை அழுத்திப் பிடித்து, எந்த எழுத்தும் கலங்காமல் எழுதினாள்:

'மூன்றாம் வகுப்பில் இந்தப் பிள்ளை தன் சொந்த வார்த்தைகளில் ஒரு கட்டுரை எழுதினாள். பாடமாக்கக் கொடுத்ததை எழுதவில்லை என்று வகுப்பாசிரியை அந்தப் பக்கத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கிழித்துப் போட்டார்.'

அந்த ஆசிரியையின் பெயரையும் முழுதாக எழுதினாள்.

பிறகு கீழே, பரிசோதித்தவரின் பெயர் என்ற வரியில், அதே பெயரை இன்னொரு தடவை எழுதினாள்.