இருபத்திரண்டாவது படம்

இருபத்திரண்டாவது படம் மெஷினிலிருந்து வழுக்கி விழுந்தபோது, அதில் என் அண்ணன் கையில் தட்டுடன் நின்றுகொண்டிருந்தார்.

அல்லது அண்ணனைப் போல ஒருவர்.

1988, ஆகஸ்ட். துபாய் தேராவில், ஒரு மணி நேரத்தில் கலர் படம் கழுவித் தரும் கடை. பிரிண்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான். யார் யாருடைய கல்யாணங்களும் பிறந்தநாட்களும் பகல் முழுக்க என் கைவழியாகப் போகும். முகங்களை நான் பார்ப்பதில்லை. நிறம் சரியா என்று மட்டும் பார்ப்பேன்.

அந்தப் பிலிம் சுருள் மிஸ்டர் பெல்லுடையது. துறைமுகத்தில் எஞ்சினியர். ஒவ்வொரு விடுமுறைக்கும் இரண்டு கேமரா, நாலு லென்ஸ், முக்காலி என்று சுமந்துபோய் முதுகுவலியோடு திரும்புகிறவர்.

இந்த முறை கிரேக்கத் தீவொன்றில் இரண்டு வாரம் சும்மா கிடந்துவிட்டு வந்திருந்தார். சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு குட்டிக் கேமரா மட்டும்தான் கொண்டுபோனாராம். காலையில் சுருளைத் தரும்போது அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சோப்புக்கட்டி அளவு.

வெள்ளை வீடுகள். நீலக் கதவுகள். கொடியில் துணிபோலத் தொங்கும் எட்டுக்கால் பேய்க்கணவாய்கள். ஒரு கழுதை. கடல், மறுபடி கடல்.

பிறகு இது.

கரையோரத்துக் காபிக்கடை. தொப்பியுடன் மிஸஸ் பெல் சிரிக்கிறார். அவருக்குப் பின்னால், விரல் நகமளவு முகத்துடன் ஒரு வெயிட்டர். இடது தோள் சற்றே இறங்கியிருந்தது.

அண்ணனுக்கும் அப்படித்தான்.

1984இல் அண்ணன் இராஜரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன பஸ்ஸை வவுனியாவுக்கு அருகே ராணுவத்தினர் மறித்து ஆறு பேரை இறக்கினார்கள். அதில் அண்ணனும் ஒருவர். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா ஏறி இறங்காத முகாம் இல்லை. இரண்டு வருடம் கழித்து, காத்திருந்தது போதும் என்று அம்மாவே சொன்னார். நான் லீவில் போய், கீரிமலையில் முழுகி, பிண்டம் வைத்து, செய்யச் சொன்னதையெல்லாம் செய்துவிட்டு வந்தேன்.

நெகட்டிவை எடுத்து, அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் மணல் மணலாக உதிர்ந்தது.

கன்னத்தில் ஒரு புள்ளி. அண்ணனுக்குக் கன்னத்தில் மச்சம் உண்டு. தூசாக இருக்குமென்று தூரிகையால் துடைத்து மறுபடி போட்டேன். புள்ளி அங்கேயே இருந்தது.

அண்ணனுக்கு மச்சம் எந்தக் கன்னத்தில்? வலமா, இடமா? நெகட்டிவைப் புரட்டிப் போட்டுவிட்டேனோ? படத்தில் காபிக்கடைப் பலகையின் எழுத்துகளைப் பார்த்தேன். கிரேக்க எழுத்து. நேரா, இடம் வலம் மாறியதா என்று அதிலும் தெரியவில்லை.

"என்ன தம்பி, மெஷின் மக்கர் பண்ணுதா?" என்றார் கடை முதலாளி, கீழக்கரை செய்கு அலாவுதீன்.

"இல்லை, பாய்."

உயிரோடு இருக்கிறார் என்றால் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான் அடுத்த படத்தை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். இது அவராக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேனா, இருக்கக் கூடாது என்றா? எனக்கே விளங்கவில்லை.

பன்னிரண்டரைக்கு மிஸ்டர் பெல் வந்தார். இந்த வெயிட்டர் யார் என்று கேட்டேன். அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

மொரீஷியஸ்காரன் என்று சொன்னானாம். கப்பலில் வேலை செய்து, அந்தத் தீவில் இறங்கித் தங்கிவிட்டவனாம். நல்ல மனிதன். ஆனால் துபாயிலிருந்து வருகிறோம் என்றதும் பேச்சை நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். பிறகு வேறொருவன்தான் காபி கொண்டுவந்தான். ஏனென்று பெல்லுக்கும் புரியவில்லையாம்.

நான் துபாயில் இருப்பது அண்ணனுக்குத் தெரியும். எனக்கு விசா எடுத்துப் பிளேன் ஏற்றிவிட்டவரே அவர்தான். உயிரோடு இருந்தால் ஏன் ஒரு வரி எழுதவில்லை? யார் மூலமாவது ஊர்ச் செய்தி ஏதும் அவர் காதுக்கு எட்டியிருக்குமோ?

கடைக்கு மத்தியானம் நாலு மணிவரை பூட்டு. நான் போட்ட இன்னொரு பிரதியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வெயில் தலையைப் பிளந்தது. சொல்வதா, கிழித்துப்போடுவதா? மூன்றாம் மாடி ஏறும்வரை முடிவு வரவில்லை.

சிவகொழுந்து சோறு போட்டு வைத்திருந்தாள். ஏழு மாத வயிற்றோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து மீன்குழம்பை ஊற்றினாள்.

படத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கிரேக்கத்தில ஒரு தீவாம். வடிவா இருக்கு, பாரும்," என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தொப்பி வைத்த வெள்ளைக்காரி, மேசைகள், படகுகள், ஒரு பூனை, பின்னால் எத்தனையோ பேர். குழம்பு ஆறும்வரை பார்த்தாள்.

திரும்பி வந்து படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவர் இல்லை," என்றாள். "நீங்கள் சாப்பிடுங்கோ."

நான் யாரைப் பற்றியும் கேட்டிருக்கவில்லை.

அவள் சமையலறை வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டேன். சிவகொழுந்து என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பு அவளைக் கூப்பிட்டுப் பழகிய சொல்தான் வந்தது.

"அண்ணி."