சாதாரண அளவு

தலையில் அடிபட்டவர்களின் ரத்தத்தில் மூளைப் புரதம் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று அளப்பதுதான் அவன் வேலை. அளவு இறங்கினால் ஆள் தேறுகிறார் என்று அர்த்தம். அவன் மனைவிக்குக் கடைசிவரை ஏறிக்கொண்டேதான் போனது. அவள் இறந்து இருபத்தைந்து நாளாகிறது.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றும் அவள் பெயர் ஒட்டிய ரத்தக் குழாய் வந்தது. மறுநாளும் வந்தது. ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கும் அக்காவிடம் சொன்னான்.

"அக்கா, வார்டுல யாரோ பழைய லேபிளை ஒட்டுறாங்க."

"கேட்டுட்டேன் தம்பி. அந்தக் கட்டில் காலியாத்தான் கிடக்காம். நீ ரெண்டு நாள் லீவு போடேன். மூஞ்சியே செத்துப் போயிருக்கு."

"வீட்டுல போய் என்னக்கா பண்றது?"

தினமும் அந்தக் குழாயையும் மற்றவற்றோடு இயந்திரத்தில் வைத்தான். அளவு நாளுக்கு நாள் இறங்கியது. இன்று சாதாரண அளவுக்கே வந்துவிட்டது. அப்படி வந்தால் அதன்பின் ரத்தம் எடுக்க மாட்டார்கள். கொஞ்சம் கூட்டி எழுதினால் நாளைக்கும் குழாய் வரும். பேனாவை வெகுநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு, உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினான்.

சிறிது நேரத்தில் ஃபோன் அடித்தது. அக்கா எடுத்துக் கேட்டாள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"வார்டுலேர்ந்து பேசுறாங்க, தம்பி. வீட்டுக்கு அனுப்புறாங்களாம். வரும்போது அவளுக்குச் செருப்பு எடுத்துட்டு வரச் சொல்றாங்க."