காற்றைத் தடுக்கும் பூனை

பூனையை அவர் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார்.

நிஜப் பூனை அல்ல. வெட்டவெளியில் மைக்குக்கு மாட்டுகிற ரோம உறை. சாம்பல் நிறம், தொட்டால் மெத்தென்று இருக்கும். சினிமாக் கருவிகளை வாடகைக்கு விடும் அவருடைய கடையில் அதற்குப் பெயர் பூனை.

எதிரே இயக்குநர். கடைக்குள் வந்தும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

பனிச்சறுக்குப் படம். கதாநாயகி இமயமலைச் சரிவில் சறுக்கி வந்து நின்று, மூச்சு வாங்க, காதலைச் சொல்கிறாள். இயக்குநர் ஃப்ரீசருக்கு வெளியே பனியைப் பார்த்ததில்லை. அதனால் அவருடைய தன்னம்பிக்கைக்கு எந்தச் சேதமும் இல்லை.

"இருக்கிறதுலயே பெரிய மானிட்டரா குடுங்கண்ணே. நான் சினிமாவைப் பெருசாத்தான் பாப்பேன்."

"பெருசை அந்தச் சரிவுல யாரு தூக்குறது தம்பி? பனியில வெயில் பட்டா கண்ணு கூசும். அதுல படம் தெரியாது, உங்க மூஞ்சிதான் தெரியும். இந்த ஏழு இஞ்ச்சை எடுத்துக்குங்க, வெளிச்சம் ஜாஸ்தி. மேல மறைப்பும் இருக்கு. பேட்டரி கூடுதலா வெச்சுக்குங்க, குளிர்ல சட்டுனு இறங்கிடும்."

தன் முகம் தெரிவதில் என்ன தவறு என்று இயக்குநர் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஒப்புக்கொண்டார்.

இதுவரைக்கும் கடைக்காரர் நேர்மையான மனிதர்தான்.

அடுத்து மைக்.

ஒலிப்பதிவாளர் மும்பையிலிருந்து நேரே மலைக்கு வந்துவிடுவாராம். அதனால் மைக்கையும் இயக்குநரே தேர்ந்தெடுத்தார், கண்ணால். இருப்பதில் நீளமானதை எடுத்தார்.

"படம் ஃபுல்லா லைவ் சவுண்டுண்ணே. ஹீரோயினோட நிஜ மூச்சு கேக்கணும். ப்ரொட்யூசர்தான் பயப்படுறார். பனி சீன்ல வாய்ஸ் சுத்தமா வந்தா படம் முழுக்க அவங்க குரல். வரலைன்னா பழைய மாதிரி டப்பிங்னுட்டார்."

பழைய மாதிரி என்றால் வத்சலா.

வத்சலா கடை மூலையில் உட்கார்ந்து பேட்டரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரரின் மனைவி. அந்தக் கதாநாயகியின் முந்தைய படங்கள் எல்லாவற்றிலும் குரல் இவளுடையது. இவள் மூச்சு வாங்கினால் அந்த மும்பைப் பெண்ணுக்கு வியர்க்கும். இவள் விம்மிய விம்மலுக்கு அந்தப் பெண் விருது வாங்கினாள். மேடையில் நன்றி தையல்காரர் வரைக்கும் போனது. இவள்வரை வரவில்லை.

இந்த வருடம் வத்சலாவுக்கு வந்தவை ஓர் அம்மா, ஒரு பக்கத்து வீட்டுக்காரி, ஒரு பேய். மூன்றில் பேய்க்குத்தான் வசனம் அதிகம்.

இந்தப் படமும் போனால் கதாநாயகி என்று அவளுக்கு ஒருத்தியும் இல்லை.

இயக்குநருக்கு இது எதுவும் தெரியாது. அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தாள்.

கடைக்காரர் மைக்குக்கு ஸ்பாஞ்சு உறையை மாட்டினார். ஏசி அறைக்கு அது போதும். மலைக்குப் போதாது. அங்கே அந்தப் பெண் என்ன சொன்னாலும் ஊ என்று காற்றுதான் பதிவாகும். சென்னைக்கு வந்து யாராவது பேசித்தான் ஆக வேண்டும்.

பெட்டியை மூடினார். கொக்கி ஒரு தடவையில் மாட்டவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் வத்சலா.

குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து பூனையை எடுத்தாள். கணவரைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. முதல் தீபாவளிக்கு அவர் ஆசையாக வாங்கி வந்த, அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆரஞ்சுப் புடவையை அப்படித்தான் பார்த்தாள்.

ரோமம் சிக்குப் பிடித்திருந்தது. கைப்பையிலிருந்து தன் சீப்பை எடுத்தாள். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்கு வாரிவிடுவதுபோல் நிதானமாக வாரினாள்.

"என்னக்கா இது?" என்றார் இயக்குநர்.

"இது இல்லைன்னா அந்தப் பொண்ணு பேசுறது கேக்காது தம்பி. காத்துதான் கேக்கும்."

பெட்டியைத் திறந்து பூனையை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். கொக்கியை மாட்டினாள்.

"வசனத்துக்கு முன்னாடி அவ ஒரு தடவை எச்சில் முழுங்குவா. மறந்துட்டான்னு நெனைச்சு கட் சொல்லிடாதீங்க. சொல்லிடுவா."

கறுப்புக் கண்ணாடி முதல் தடவையாக மூக்கை விட்டு இறங்கியது.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"படம் பாத்திருக்கேன்."

கார் கிளம்பிப் போனது.



வத்சலா சீப்பைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். பல்லிடுக்கெல்லாம் சாம்பல் முடி. பூனையுடையது எது, தன்னுடையது எது என்று பார்க்கிறவள்போல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

பிடித்த கை இறங்கவில்லை.

அவர் எழுந்து போய்ச் சீப்பை வாங்கிக்கொண்டார். பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு முடியாக எடுக்க ஆரம்பித்தார்.