வீடு பார்க்க வந்தவர்கள்

குழந்தையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு அந்தப் பெண் மாடிப்படியில் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். "எதையும் தொட்டுடாதடா கண்ணு" என்று அதன் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். பின்னால் வந்த கணவன் யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடினான்.

"எப்படி நம்ம வீடு?" என்று நாற்காலியில் நிமிர்ந்து கேட்டார் நிலவரம் சார்.

"பார்த்தோம்" என்றான் அவன். அவ்வளவுதான். வாசலில் புரோக்கரின் கார் இன்ஜினை அணைக்காமலே உறுமிக்கொண்டிருந்தது. மூவரும் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் அது தெருமுனையில் திரும்பிவிட்டது.

புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து எழுந்தவர் சார். 'சௌக்கியமா?' என்று கேட்டால்கூட மார்க்கெட் நிலவரத்தில் ஆரம்பித்து அதிலேயே முடிப்பார். தெரு அவருக்கு வைத்த பட்டப்பெயரை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட தாளில் நீல மையால் இன்னொரு புள்ளி வைத்தார். "பார்க்க வந்தவங்க நாற்பத்தொண்ணு! மார்க்கெட் விழுதுன்னு ஊரே ஒப்பாரி வைக்குது. இந்த வீட்டுக்கு மட்டும் டிமாண்ட் எப்படி ஏறுது பார்த்தியா? அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம் விலையைக் கூட்டணும்."

கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி அந்தப் புள்ளியைப் பார்க்கவில்லை, மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏறும்போது எல்லாரும் சளசளன்னு பேசிக்கிட்டுத்தான் போறாங்க. இறங்கும்போது ஒருத்தர் வாயும் திறக்கறதில்ல. இந்த வீட்டைப் பத்தி யாரோ எதையோ சொல்லி வச்சிருக்காங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

"உயர்ந்த பொருளைப் பார்த்தா மனுஷனுக்குப் பேச்சு வராது."

அவள் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள். இருமல் முந்திக்கொண்டது.

டாக்டர் வளைத்துப் பேசத் தெரியாதவர். "இந்த ஈரத்துல இன்னொரு மழைக்காலத்தை அம்மாவோட நெஞ்சு தாங்காது சார். அதுக்குள்ள வீடு மாறிடுங்க" என்று சொல்லிவிட்டார். வேறு வீடு வாங்க இதை விற்றாக வேண்டும். வாடகைக்குப் போவதைச் சார் 'பொருளாதாரத் தற்கொலை' என்று வகைப்படுத்தியிருந்தார். ஆகவே மார்க்கெட் உச்சிக்கு வரும் வரை மழை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மாடிப் பின்னறைச் சுவரில் போன வருடம் இடுப்பளவு இருந்த ஈரம் இப்போது ஆள் உயரத்துக்கு வந்திருந்தது. கறுப்பாக, தோளும் தலையும் வைத்து, யாரோ சுவரோடு முதுகை ஒட்டி நிற்பதுபோல. அதற்கு வெள்ளையடித்துவிடலாமா என்று சார் ஒருமுறை கேட்டதற்கு, புரோக்கர் காதைப் பொத்திக்கொண்டார். "வேண்டவே வேண்டாம் சார். உள்ளது உள்ளபடியே இருக்கட்டும். நேர்மைதான் நம்ம தொழில்." இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்று சாருக்குக் கண் கலங்கிவிட்டது. வருடத் தொடக்கத்தில் சைக்கிளில் வந்த புரோக்கர் இப்போது காரில் வருவதைப் பார்த்து, நேர்மை வீண்போகாது என்றும் மகிழ்ந்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கு வானம் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்தது. முதல் தூறல் விழுந்து மண் வாசனை எழுந்ததுமே மனைவிக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டது. மருந்துக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினாள். உள்ளே போன காற்று, கிழிந்த துணி காற்றில் படபடப்பதுபோலச் சத்தம் போட்டது. உதடு நீலம் பாரித்தது.

கால் மணி நேரம் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார் சார். அந்தக் கால் மணி நேரத்தில் எந்தப் பொருளாதாரமும் அவர் நினைவுக்கு வரவில்லை. மூச்சு ஒருவழியாகச் சீரானதும் புரோக்கருக்குப் போன் போட்டார்.

புரோக்கர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். யாராவது வீடு பார்த்துவிட்டுப் போன நாளில் அவருக்கு எப்போதுமே அப்படித்தான்.

"காலையில வந்தவங்களுக்கே முடிச்சிடுங்க" என்றார் சார். "அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான் விலை."

சிரிப்பு பாதியில் நின்றது. "அவசரப்படாதீங்க சார். மார்க்கெட் இன்னும்..."

"மார்க்கெட் கிடக்குது. அவங்களைக் கூப்பிடுங்க."

"அவங்க... மத்தியானமே வேற வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க சார். அடுத்த தெருவுல."

"சரி, போன வாரம் வந்த பல் டாக்டர்?"

"அவரும் வாங்கிட்டாரு. வேற வீடு."

"அந்தக் கண்ணாடி போட்ட வாத்தியார்? தையல்கடைக்காரம்மா?"

"வாங்கிட்டாங்க சார். வேற வேற வீடு."

சார் மெல்ல எழுந்தார். "நாற்பத்தோரு பேருமா?"

புரோக்கர் தலையாட்டினார். வெளியே தூறல் வலுத்தது. கட்டிலில் மறுபடி இருமல் ஆரம்பித்தது.

"உங்ககிட்ட இருக்கற மாடிச் சாவியை இப்படிக் குடுங்க" என்று கையை நீட்டினார் சார். "இங்க என்ன பேய் இருக்கோ பிசாசு இருக்கோ, எனக்குத் தெரியாது. வேற புரோக்கரைப் பிடிச்சு, பாதி விலைக்காவது இந்த வாரமே தள்ளிவிடறேன்."

புரோக்கருக்கு முகம் வெளிறிப்போயிற்று. நீட்டிய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்படி மட்டும் பண்ணிடாதீங்க சார், முதல்ல இந்த வீட்டைக் காட்டினாத்தான் மத்த வீடெல்லாம் அரண்மனையாத் தெரியுது!"